இருட்டில் மட்டும் தள்ளாடியவர்

நான் வேலை பார்த்த பிசியோதெரபி பிரிவின் நடைக்கூடத்தைப் பலகை வைத்து அடைத்து அறைகளாக்கிவிட்டார்களாம். ஒவ்வொரு அறையிலும் ஒரு புது மெஷின். அங்கே இப்போது வேலை பார்க்கும் சௌமியா போனில் சொன்னாள். "நல்லாத்தான் இருக்கு மேடம், ஏசி போட்டுட்டாங்க. ஆனா பேஷண்ட்ட நடக்கச் சொல்லிப் பாக்க எடமே இல்ல."

"அப்போ எங்கடி பாக்குற?"

"எங்க மேடம் பாக்குறது? எக்ஸ்ரேவப் பாத்துட்டு நேரா மெஷின்ல படுக்க வெச்சிடுறோம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பாவம், அவள் என்ன செய்வாள். மறுநாள் நானே கூப்பிட்டு சலீம் பாய் விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இத எழுதி வெச்சுடுங்க மேடம்" என்றாள். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை, எழுதுகிறேன்.

பிசியோதெரபி படிக்கச் சென்னைக்குப் போனேன். அதில் கினீசியாலஜி என்று ஒரு பாடம். உடம்பு எப்படி அசைகிறது என்பதுதான் விஷயம். ஒரு காலை எடுத்து வைக்கும்போது எந்தத் தசை இழுக்கிறது, எது விட்டுக்கொடுக்கிறது, பாரம் எந்த இடத்தில் விழுகிறது என்று கரும்பலகை நிறையக் கோடு போட்டு நடத்துவார்கள். வகுப்பில் பாதிப் பேர் தூங்குவோம். விடுமுறையில் ஊருக்கு வந்தால் அம்மாவுக்கு வேறு கவலை. "கைகால் அமுக்கி விடுறதுக்கு எதுக்குடி இத்தினி வருஷம் படிக்கணும்?" என்பாள். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, வேலைக்கும் போய்ச் சம்பளம் வாங்கிய பிறகும் அந்தச் சந்தேகம் அவளுக்குத் தீரவில்லை.

முதலில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். அங்கே நோயாளிகள் எல்லாரும் என்னை சிஸ்டர் என்பார்கள். நான் சிஸ்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். மாலையில் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பேன். என்னைச் சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள், இடுப்பெலும்பு முறிந்து கிடந்த ஒரு பிரெஞ்சுக் குடியுரிமைக்கார அம்மாள். தமிழச்சிதான், ஆனால் வாயில் பாதி பிரெஞ்சு. நான் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே, "கினே வந்தாச்சு, கதவத் தொற" என்று உள்ளேயிருந்து சத்தம் போடுவார். பிரெஞ்சில் எங்கள் தொழிலுக்கு அப்படித்தான் பேராம். பாரிசிலிருந்து மகன் போன் போட்டு, அங்கே கினே இப்படிச் செய்வார், அப்படிச் செய்வார் என்று எனக்குப் பாடம் எடுப்பான். அம்மாளோ கட்டிலில் ஒரு பயிற்சியும் செய்யமாட்டார். "கோயிலுக்கு நடக்கறேன், பூசை பாக்கறேன், அது போதாதா?" என்பார். சரியென்று பயிற்சியை அந்த மாதா கோயிலுக்கே கொண்டுபோனேன். முழங்காலிட்டு எழுவது, படியேறுவது, பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகும் நடை, எல்லாம் அங்கேயே நடந்தது. பாதிரியாருக்கு என்மேல் நல்ல அபிப்பிராயம். நான் ஞானஸ்நானத்துக்குத் தயாராவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் அந்த மருத்துவமனையில் வேலை கிடைத்தது. பிரிவின் தலைவி கிருஷ்ணவேணி மேடம். அவரைப் பற்றிச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்ல முடியாது.

காலையில் நாங்கள் போகும்போது மேடம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். ஓய்வெடுக்கிறார் என்று நினைத்தால் நாம் ஏமாந்தோம். கேட்டிலிருந்து எங்கள் பிரிவு வரைக்கும் ஒரு சிமென்டுப் பாதை. நோயாளிகள் அதில் நடந்து வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கையில் சீட்டோடு நாம் போய் நின்றால், அதை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிடுவார். "காகிதம் எங்கயும் ஓடிடாது. மொதல்ல ஆளப் பாரு." நாம் பார்த்துச் சொல்லவேண்டும். தப்பாகச் சொன்னால் ஒரு மடக்குக் காபி குடித்துவிட்டு அவரே சொல்வார். "வலது இடுப்பு." "சின்ன வயசு போலியோ." "கால்ல ஒண்ணுமில்ல, செருப்பு சின்னது." சீட்டைத் திருப்பிப் பார்த்தால் அதுதான் எழுதியிருக்கும். சில நேரம் சீட்டுத்தான் தப்பாக இருக்கும்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்கள் எல்லாரையும் நீ, வா, போ என்பார். கோபம் வந்தால் மட்டும் மரியாதை கூடிவிடும். "நீங்க போங்க" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க நமக்குச் சோறு இறங்காது.

செல்போனில் கேமரா வர ஆரம்பித்திருந்த காலம் அது. ஒரு காலைப் பொழுது, அதே சிமென்டுப் பாதையில் ஒருவர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. பின்னால் புர்கா போட்ட மனைவி. அவர் கால்களை அகட்டி வைத்து, தரையையே பார்த்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பாக வந்தார். பாதி வழியில் ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவர் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தார். மனைவிதான் குனிந்து எடுத்துக்கொண்டு வந்தார்.

மேடம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "காலங்காத்தாலயே போட்டுட்டு வந்திருக்காரு. தெளிஞ்சப்புறம் வரச் சொல்லு."

இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதில் யாரும் பாடம் நடத்தவேண்டாம். தெருவுக்குத் தெரு சாராயக் கடை, வாரக் கடைசியில் வெளியூர்க் கூட்டம். யாராவது சாலையில் தள்ளாடினால் கல்லில் இடறினாரா, மயக்கமா என்றெல்லாம் யோசிக்க மாட்டோம். சட்டென்று ஒதுங்கி வழி விடுவோம். குடித்துவிட்டு பைக்கிலிருந்து விழுந்தவர்களின் கைகாலைத்தான் மேடம் வருடக்கணக்காக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். குடித்தவருக்கு ஒத்தடம் கொடுக்கக்கூடாது, சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும் என்பது பிரிவின் விதியும்கூட.

எனக்கு மட்டும் காதில் ஏதோ இடித்தது. குடித்தவன் காலை இழுத்துக்கொண்டு நடப்பான். இவரோ ஒவ்வோர் அடியையும் ஓங்கி வைத்தார். பட், பட் என்று குதிகால் சிமென்டில் அறைந்தது. ஆனால் மேடம் சொன்ன பிறகு வாதாட யாருக்குத் தைரியம்? போய் நின்றேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "நீங்க என்னா சொல்லப் போறீங்கன்னு தெரியும்மா. நா குடிக்கல. குடி எங்களுக்கு ஹராம், பெரிய பாவம். அல்லா அறிய இந்த வாய்ல ஒரு சொட்டு பட்டதில்ல." கெஞ்சிச் சொல்லவில்லை. பல தடவை சொல்லிச் சலித்துப்போன குரல். மனைவி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்துக் கேட்டேன். அவர் பேர் சலீம். கண்ணாடி வெட்டி ஃப்ரேம் போடும் கடை வைத்திருந்தார், அப்பா காலத்துக் கடை. ஒரு வருடத்துக்கு மேலாகவே நடை இப்படி ஆகிவிட்டது. ஒரு நாள் கண்ணாடிப் பலகையோடு வாசலில் சாய்ந்தார், வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு இருட்டில் போகும்போது இரண்டு தடவை சாக்கடை ஓரம் விழுந்தார், ராத்திரி ஏற்றியது இறங்கவில்லை என்றார்கள். வாசனையே வரவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, வாசனை வராத சரக்கு ஒன்று இருக்கிறது என்று விளக்கம் சொல்ல இந்த ஊரில் ஆளா இல்லை? கடைசியாக நடந்ததுதான் பெரிய அடி. மகளைப் பார்க்கக் கடலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். எல்லாருமாக மாலைத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார்கள். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளு செய்யக் கண்ணை மூடி முகத்தில் தண்ணீர் அடித்தவர், அப்படியே சரிந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் மடியிலேயே விழுந்தார். அவர்கள் சாப்பிடக்கூட நிற்கவில்லை. நிக்காஹ் பேச்சு நின்றுபோனது.

"கால் மரத்துப் போவுதுன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். ஒத்தடம் எழுதிக் குடுத்தாரு. இங்கயும் போவச் சொல்றீங்க, போறேன்" என்று எழுந்தார்.

எங்கள் நடைக்கூடம் நீளமானது. ஜன்னல் கிடையாது, டியூப்லைட்டுதான். இரண்டு பக்கமும் சுவரில் கைப்பிடிக் கம்பி. அதன் பாதியில் அவர் வாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. தொப்பென்று ஒரு சத்தம். ஜெனரேட்டர் போட்டு விளக்கு வந்தபோது அவர் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தார். வெளிச்சம் வந்ததும் தரையைப் பார்த்தார், கால்களைச் சரியாக வைத்தார், கம்பியை விட்டார், நின்றார்.

நான் வாசலுக்கு ஓடினேன். "மேடம், கரண்ட் போனா போதை ஏறுமா?"

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களே பாத்துக்குங்க" என்றார். மரியாதை வந்துவிட்டது. பரவாயில்லை என்று சலீம் பாயைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

கட்டிலில் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். கால் கட்டைவிரலைப் பக்கவாட்டில் பிடித்து மேலே தூக்கினேன், கீழே இறக்கினேன். எந்தப் பக்கம் அசைகிறது என்று அவர் சொல்லவேண்டும். பேசாமல் படுத்திருந்தார். மறுபடி மேலே, மறுபடி கீழே. கொஞ்ச நேரம் பொறுத்து, "என்னாம்மா, இன்னும் ஆரம்பிக்கலியா?" என்றார்.

தட்டினால் அதிரும் இரும்புக் கவையைக் கணுக்காலில் வைத்தேன். "ஜில்லுன்னு இருக்கு" என்றார், அதிர்வு தெரியவில்லை. கல்லூரியில் அரைத்தூக்கத்தில் கேட்டதெல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றது. நம் கால் எங்கே இருக்கிறது என்று பாதமும் மூட்டும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். அந்தச் சேதி நின்றுபோனால் கண்ணால் பார்த்துத்தான் காலை வைக்கமுடியும். கண்ணை மூடினாலோ, இருட்டானாலோ, உடம்புக்குக் கால் இருக்கும் இடமே தெரியாது. ஓங்கி அறைந்து நடப்பதும் அதனால்தான், தரை வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள. செருப்பு கழன்றது தெரியாததும் அதனால்தான்.

எழுந்து இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து நிற்கச் சொன்னேன். நின்றார். பின்னால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். எங்கள் ஆண் உதவியாளர் அன்றைக்கு லீவு. "நீங்க வந்து நில்லுங்கம்மா" என்று அவர் மனைவியைக் கூப்பிட்டேன். நஜ்மா என்று பேர். தயங்கி வந்து கணவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"கண்ண மூடுங்க பாய்."

மூடினார். அடுத்த கணம் அடிமரம் சாய்கிற மாதிரி அப்படியே பின்னால் சாய்ந்தார். நஜ்மா தாங்கிப் பிடித்தார்.

"தொறங்க."

திறந்தார். நிமிர்ந்து நின்றார்.

நான் போதும் என்று சொல்லப் போனேன். நஜ்மா விடவில்லை. "இன்னொரு தடவ மூடுங்க" என்றார். மூடினார், பாரம் அவர் கையில் வந்து விழுந்தது. திறந்தார், பாரம் போயிற்று. "இன்னொரு தடவ." அந்தம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை கணவர் கைமேல் சாய்ந்திருக்கும்போதே உடைந்து அழுதார்.

"தெனம் இவரு தூங்குனப்புறம் சட்டைய எடுத்து மோந்து பாக்குறேம்மா. ஒரு நாள்கூட வாட வந்ததில்ல. அப்பவும் நம்பலியே நானு!"

"தெரியும்" என்றார் சலீம் பாய். கண்ணை அவர் இன்னும் திறக்கவில்லை.

ஊர் சொன்னதைவிட அதுதான் அந்த மனிதரைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. பொய்யாகத் தூங்கிக்கொண்டு, தன் சட்டை மோந்து பார்க்கப்படுவதை எத்தனை நாள் கேட்டுக்கொண்டு கிடந்தாரோ.

திரும்பினால் கதவருகே கிருஷ்ணவேணி மேடம். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. நேராக சலீம் பாய் முன்னால் வந்தார். "நா உங்களக் குடிச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். தப்பு. மன்னிச்சிடுங்க" என்றார். அவ்வளவுதான், சுற்றி வளைத்து ஒரு வார்த்தை இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "நரம்பு டாக்டர்கிட்ட நீயே கூட்டிட்டுப் போ. வயித்துல முன்னாடி எதுவும் ஆபரேஷன் நடந்துச்சான்னு கேளு" என்றார். நீ என்று கேட்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது.

ஆபரேஷன் நடந்திருந்தது. பல வருடங்களுக்கு முன் குடற்புண்ணுக்காக இரைப்பையில் பாதியை எடுத்திருந்தார்கள். அதனால் பி12 வைட்டமின் உடம்பில் சேராமல் நரம்பு நலிந்துவிட்டது என்றார் டாக்டர். ஊசி ஆரம்பித்தார். ஊசி நரம்பைப் பார்த்துக்கொள்ளும், மறந்துபோன நடையை நாம்தான் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

அதை மேடமே எடுத்துக்கொண்டார். முதலில் படுத்தபடியே குதிகாலைப் படுக்கையில் மெல்லத் தேய்த்து மடக்குவது, நீட்டுவது, கண்ணால் பார்த்துக்கொண்டே. வேகம் கூடாது. வேகமாகச் செய்தால் தசைதான் வளரும், புத்தி வராது என்பார் மேடம். அடுத்து நாற்காலியில் உட்கார்ந்து, தரையில் சாக்பீசால் போட்ட வட்டத்தில் பாதத்தை வைத்து எடுப்பது. வட்டத்துக்கு வெளியே போனால் மறுபடி. பிறகு நடைக்கூடத்தில் பெயின்ட்டால் பாதச்சுவடு வரைந்தோம். அதன்மேல் கோலத்தை அழிக்காமல் தாண்டுகிறவர் மாதிரி சலீம் பாய் நடப்பார். கடைசியில்தான், பார்வையை எதிர்ச் சுவரில் வைத்து நடப்பது. தரையைப் பார்த்தால் மேடம் கைதட்டுவார். "பாய், தரை அங்கயேதான் இருக்கு. என்னப் பாருங்க."

சில வாரங்கள் ஒன்றுமே மாறவில்லை. நாங்கள் ஏமாற்றுகிறோமோ என்று எனக்கே தோன்றியது. ஒரு நாள் பயிற்சி நடுவே நின்று, "அம்மா, வலது கால்ல மணல் ஒட்டியிருக்கு" என்றார். குனிந்து பார்த்தால் ஒட்டியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்த மணலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் நாங்களும் குடித்திருக்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்.

இதற்குள் நஜ்மா யாரிடமும் சொல்லாமல் கடலூருக்கு பஸ் ஏறிப் போய் வந்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய் உட்கார்ந்து, "என் கையிலதான் விழுந்தாரு. கண்ண மூடுனா மட்டும் விழுறாரு" என்று சொன்னாராம். அவர்கள் பாதி நம்பினார்கள். மீதியை உடம்பு தேறட்டும், பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டார்கள். மாதங்கள் கழித்துத்தான் நாள் குறித்தார்கள். அதிலும் அந்தத் தாய்மாமன் கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

நிக்காஹுக்கு முந்தின வாரம் கடைசிப் பயிற்சி. பகலில் சலீம் பாய் நன்றாகவே நடந்தார். இருட்டில் மட்டும் டார்ச் லைட் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம். "இன்னையோட முடிஞ்சிது பாய்" என்றேன். அவர் போகவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த ஊன்றுகோல்களில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இது ஒண்ணு குடுங்கம்மா. ஒரு நாளைக்கு."

"எதுக்கு? உங்களுக்கு வேண்டியதே இல்லியே."

"நடக்குறதுக்கு வேணாம். பாக்குறவங்களுக்கு வேணும்" என்றார். "கடலூர்க்காரங்க அத்தினி பேரும் நிப்பாங்க. நா கொஞ்சம் தடுமாறினாப் போதும். கையில குச்சி இருந்தா நோயாளின்னுவாங்க. இல்லன்னா என்னா சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் சொன்னது உண்மை. எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

நஜ்மா வந்து அவர் கையிலிருந்து குச்சியை வாங்கினார்.

"இது வேணாங்க. இதப் புடிச்சிக்கிட்டு நின்னா, நா குடிக்கல குடிக்கலன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும். நீங்க குடிக்கலதானே? அப்புறம் யாருக்குச் சொல்லணும்?"

"விழுந்துட்டேன்னா?"

"விழுந்தா விழுந்துட்டுப் போங்க" என்றார் நஜ்மா. "விழுறது என்னா ஹராமா?"